ரோமிலிருந்து சாண்டோரினி வரை ரயிலும் கப்பலும்: நல்லதும் கெட்டதும்

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். ஜூலைக் கடைசியில் நான், கணவர், பத்தாவது படிக்கும் மகன் மூவரும் இத்தாலியும் கிரீஸும் போய்வந்தோம். ரோமில் இறங்கி ஏதென்ஸிலிருந்து ஊர் திரும்பினோம். நடுவில் விமானமே கிடையாது. ரோமிலிருந்து இத்தாலியின் கிழக்குக் கரையில் உள்ள பாரிக்கு ரயில், பாரியிலிருந்து கிரீஸின் பத்ராஸுக்கு இரவுக் கப்பல், அங்கிருந்து பஸ்ஸும் ரயிலுமாக ஏதென்ஸ், அப்புறம் பக்கத்துப் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாண்டோரினித் தீவுக்குக் கப்பல். இப்படிப் போகலாமா என்று இங்கே அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். என்னென்ன தொல்லை வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு கிளம்புங்கள், அவ்வளவுதான்.

ரோம் – பாரி அதிவேக ரயிலில் சுமார் 4 மணி நேரம். அப்பென்னைன் மலையைத் தாண்டியதும் கோதுமை வயலும் ஒலிவத் தோப்புமாக நிலமே மாறிவிடுகிறது. கப்பல் மாலையில்தான் என்பதால் பகல் முழுக்க பாரியின் பழைய ஊரில் நடந்தோம். பலர் இந்த ஊரை வெறும் துறைமுகம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். புனித நிக்கோலஸின் எலும்புகளை 1087-இல் இன்றைய துருக்கியில் உள்ள மைராவிலிருந்து இந்த ஊர் மாலுமிகள்தான் கொண்டுவந்தார்கள். இன்றும் அந்தத் தேவாலயத்துக்கு ஆர்த்தடாக்ஸ் பக்தர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு சந்து. வாசலில் மேசை போட்டுப் பெண்கள் காது வடிவப் பாஸ்தா செய்கிறார்கள். மாவை விரல் தடிமனுக்கு உருட்டி, சின்னச் சின்னதாக நறுக்கி, கத்தியின் நுனியாலேயே பலகையில் இழுத்து, சுருண்டு வந்ததைக் கட்டைவிரல் மேல் கவிழ்த்துவிடுகிறார்கள். ஒன்று செய்ய ஒரு நொடிகூட ஆகவில்லை. செய்ததை வலை கட்டிய மரச்சட்டத்தில் வெயிலில் பரப்பி வைக்கிறார்கள். என் மகன் அந்தச் சந்தை விட்டு நகரவே இல்லை.

இனித் தொல்லைகள். துறைமுகம் ஊருக்கு அருகில்தான், ஆனால் உள்ளே போனபிறகு நடை அதிகம். பயணச்சீட்டைக் காட்டிப் பதிவுசெய்யும் இடம் ஒன்று, கப்பல் நிற்கும் இடம் வேறு. ஜூலை வெயிலில், பெட்டிகளோடு, நிழலே இல்லாத தளத்தில் காத்திருக்க வேண்டும். எங்கள் கப்பலில் நடந்து ஏறுகிறவர்களுக்கும் லாரிகளுக்கும் ஒரே வழிதான் இருந்தது, அந்தப் பெரிய பின்கதவு. குளிர்சாதன லாரிகளின் இரைச்சல், டீசல் நாற்றம், விசில் ஊதிக்கொண்டே வண்டிகளை அங்குல இடைவெளியில் நிறுத்தவைக்கும் ஆட்கள், இவற்றுக்கு நடுவே ஓரமாக நடந்து படியேற வேண்டும். சிறு பிள்ளைகள் இருந்தால் கையைப் பிடித்தபடியே நடங்கள்.

நாங்கள் சன்னல் இல்லாத கேபின் எடுத்திருந்தோம். பணத்தை மிச்சம் பிடிக்கத் தளச்சீட்டு வாங்கியவர்கள் கூடத்திலும் நடைவழியிலும் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். உள்ளே ஏசி அப்படிக் குளிர்கிறது. இளைஞர்களுக்குச் சரி, குடும்பத்தோடு போனால் கேபின்தான்.

இதற்கெல்லாம் ஈடாக மறுநாள் காலை. விடியும்போது கிரீஸின் இகுமெனிட்சா துறைமுகத்தில் பாதி லாரிகள் இறங்கிவிட்டன. அப்புறம் பத்ராஸ் வரை அயோனியத் தீவுகள். தண்ணீரிலிருந்து நேராக மலை எழும்பி நிற்கிறது, அடிவாரத்தில் வெள்ளையாக நாலு வீடு, மேலே ஒன்றும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் மேல்தளத்தில் உட்கார்ந்து பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். விமானத்தில் சுமார் 2 மணி நேரத்தில் தாண்டியிருந்தால் இது கிடைத்திருக்காது. கிரீஸ் நேரம் இத்தாலியைவிட 1 மணி நேரம் முன்னால், கடிகாரத்தை மாற்றிவிடுங்கள்.

பெரிய தொல்லை சாண்டோரினியில் வந்தது. திரும்ப வேண்டிய நாளில் கப்பல் இல்லை. வானம் அப்படி ஒரு நீலம், ஒரு பொட்டு மேகம் கிடையாது. காற்று மட்டும் ஆளைத் தள்ளுகிறது. ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து வீசும் மெல்டெமி காற்று அது. துறைமுக அதிகாரிகள் தடை போட்டால் கப்பல்கள் கிளம்பாது. அன்றிரவே ஏதென்ஸில் விமானம் பிடிக்க வேண்டியவர்கள் அங்கே பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. தீவிலிருந்து கிளம்பும் விமானங்களில் இடம் இல்லை. ஒரு அம்மா கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அழுதார். எங்களுக்கு ஏதென்ஸில் ஒரு நாள் சும்மா வைத்திருந்ததால் கூடுதல் அறை வாடகையோடு தப்பித்தோம்.

கடல் வழி போகிறவர்கள் கடைசிக் கப்பலுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாளைக் காலியாக விடுங்கள். வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். மற்றவர்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

குடந்தைக்காரன்:

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் சகோதரி. ஆனால் எழுபது தாண்டிய அப்பா அம்மாவை அழைத்துப்போகிறவர்களுக்கு இந்த வழி சரிப்படாது என்பது என் கருத்து. இத்தாலியில் பல ரயில்களில் ஏறுவதற்குச் செங்குத்தான படி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அம்மாவையும் கைப்பிடித்து ஏற்றி, அதற்குள் ரயில் கிளம்பிவிடுமோ என்ற பதற்றம் வேறு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது தண்டனை.

நாங்கள் பெற்றோரோடு பார்சலோனாவில் ஏறி மேற்கு மத்தியதரைக் கடலைச் சுற்றும் உல்லாசக் கப்பலில் போனோம். பெட்டியை ஒரே தடவை பிரித்து வைத்தோம். அப்பா தினமும் காலையில் தளத்தில் நடந்துவிட்டு வந்து காபி குடிப்பார். அவ்வளவு நிம்மதியாக அவரைப் பார்த்துப் பல வருடம் ஆயிற்று. எனக்கு அதுவே பயணத்தின் பலன்.

குறையும் உண்டு. பயணத்திட்டத்தில் ரோம் என்று போட்டிருக்கும், கப்பல் நிற்பது சிவிட்டவெக்கியாவில். ரோம் அங்கிருந்து சுமார் 70 கி.மீ. ஃப்ளோரன்ஸ் என்று போட்டிருப்பார்கள், நிற்பது லிவோர்னோ. அதுவும் ஏறக்குறைய 90 கி.மீ. போகவர நேரம் போனால் ஊரில் மிஞ்சுவது அரை நாள்தான். கொலோசியத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு ஓடிவந்தோம். வாடிகன் உள்ளே போகவே முடியவில்லை. அம்மாவுக்கு அது இன்றுவரை மனக்குறை.

ஒரு முக்கியமான விஷயம். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போனால், பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நாமாக ரயில் பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில்தான் போய்ச் சேர வேண்டும்.

வைகைக்கரை:

ஒத்துக்கொள்கிறேன் குடந்தையாரே. பெற்றோரோடு போனால் கணக்கே வேறு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாண்டோரினியில் உல்லாசக் கப்பல்கள் கரையில் கட்டுவதில்லை. எரிமலை வாய்க்குள் நடுக்கடலில் நிற்கும், சிறு படகில் பழைய துறைக்கு வர வேண்டும். அங்கிருந்து ஃபிரா ஊர் மலை உச்சியில். கேபிள் காரில் ஏறலாம், இல்லாவிட்டால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். நாங்கள் இருந்தபோது ஒரே நாளில் பல கப்பல்கள் வந்திருந்தன. இறங்குவதற்கான கேபிள் கார் வரிசையில் வயதானவர்கள் வெயிலில் மணிக்கணக்கில் நின்றதைப் பார்த்தோம். 2025 ஜூலை முதல் கோடையில் சாண்டோரினியிலும் மிக்கோனோஸிலும் இறங்கும் கப்பல் பயணி ஒவ்வொருவருக்கும் 20 யூரோ வரி வேறு. பெற்றோருக்கென்றால் கப்பல் கரையோடு அணையும் ஊர்கள் உள்ள வழியைத் தேர்ந்தெடுங்கள்.

சிங்காநல்லூர்:

விசா பற்றி யாரும் சொல்லவில்லையே. இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது.

இத்தாலி, கிரீஸ் இரண்டும் ஒரே விசாவில் போகக்கூடிய ஷெங்கன் நாடுகள் என்பதால் வைகைக்கரை போன வழியில் சிக்கல் இல்லை. ஏதென்ஸிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல்கள் பல, எபேசஸ் என்ற பழங்கால நகரத்தைக் காட்டுவதற்காகத் துருக்கியின் குஷாதாசியில் நிற்கும். வெனிஸ் பக்கத்திலிருந்து ஏட்ரியாடிக்கில் போகிறவை மாண்டிநீக்ரோவின் கோட்டோரில் நிற்கும். இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா வைத்திருந்தால், அங்கே போய்விட்டுத் திரும்புவது மறுபடி நுழைவதாகிவிடும். ஏறும்போதே தடுத்துவிடுவார்கள். விண்ணப்பத்திலேயே பலமுறை நுழைவு கேட்டு, கப்பல் முன்பதிவையும் இணையுங்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, ஆகவே டுப்ரோவ்னிக்குக்குக் கவலை இல்லை.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பியுங்கள். சமமாக இருந்தால் முதலில் இறங்கும் நாடு. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடைக்கென்றால் அந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள், கடைசி நேரத்தில் நேர்காணல் தேதியே கிடைக்காது.

லுசேர்ன்கிளி:

நாங்கள் சுவிஸில் இருக்கிறோம். எங்கட பக்கத்து அனுபவம் ஒன்று. மிலானில் இருந்து சிசிலிக்கு இரவு ரயில் ஓடுகிறது. அந்த ரயிலே கப்பலில் ஏறுகிறது! ஆட்கள் இறங்கிக் கப்பலில் ஏறுகிற கதை இல்லை, நாங்கள் படுத்திருக்கிற பெட்டியையே கப்பலுக்குள் தள்ளிவிடுகிறார்கள்.

இத்தாலியின் கால்விரல் நுனியில் வில்லா சான் ஜியோவானி என்கிற நிலையம். அங்கே ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றுகிறார்கள். கப்பலுக்குள்ளே தண்டவாளம் இருக்கிறது. இஞ்சின் மெதுவாகத் தள்ள, இரும்பு இரும்போடு உரசுகிற சத்தமும் ஒரு குலுக்கலும், பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தால் கப்பலின் இரும்புச் சுவர். பெட்டியை விட்டு இறங்கி மேல்தளத்துக்குப் போகலாம். மெசினா நீரிணை ஒடுங்கின இடத்தில் 3 கி.மீ.தான். கடக்கிறது அரை மணித்தியாலம் வராது, ஆனால் கழற்றி ஏற்றி இறக்கிப் பூட்ட நல்லா நேரம் எடுக்கும். மெசினாத் துறைமுக வாயிலில் உயரமான தூணின் மேலே பொன்னிற மாதா கைதூக்கி நிற்பார். பிள்ளைகளை எழுப்பிக் காட்டுங்கள், வடிவான காட்சி. கப்பல் கடையில் சோற்றை உருட்டிப் பொரித்த அரஞ்சினி விற்பார்கள், அதையும் விடாதீர்கள். உள்ளே இறைச்சி இருக்கும், சைவக்காரர் கேட்டு வாங்குங்கோ.

கெட்டது என்றால், ரயில் பழசு, கழிப்பறை விடியப்புறம் போகிற நிலையில் இல்லை, நாங்கள் போன அன்று பல மணி தாமதம். அதோடு இத்தாலியில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். திகதியை முன்னரே அறிவித்துவிடுவார்கள். வேலைநாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களை ஓட்டியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நேரத்தில் வெளிக்கிட்டால் தப்பலாம். நீரிணைக்குப் பாலம் கட்டுகிற கதை பல காலமாக நடக்கிறது. பாலம் வந்தால் இந்த ரயில்கப்பல் இருக்காது, ஆசை உள்ளவர்கள் கெதியாகப் போய் வாருங்கள்.

குடந்தைக்காரன்:

இதைப் படித்ததும் என் தாத்தா சொன்ன போட் மெயில் நினைவுக்கு வருகிறது. எழும்பூரில் ஏறி தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார், அங்கே கொழும்பு ரயில். அதில் ரயில் கப்பலில் ஏறாது, ஆட்கள்தான் மாறுவார்கள். 1964 டிசம்பர் புயலோடு அந்த தனுஷ்கோடியே போய்விட்டது. மெசினாவில் இன்னும் ஓடுகிறது என்று கேட்கும்போதே போய்ப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

நெய்தல்_மகள்:

வணக்கம். நான் இதுவரை கடலில் பயணம் செய்ததே இல்லை. ஊட்டி பஸ்ஸிலேயே எனக்கு வாந்தி வரும். இரவுக் கப்பல் தாங்குமா? அடுத்த வருடம் செப்டம்பரில் என் மாமனார், மாமியாரோடு ரோமும் கிரீஸும் போக எண்ணம். அவர்கள் சுத்த சைவம். மாமியாருக்கு நடை கொஞ்சம் கஷ்டம். இந்த இழையைப் படித்ததில் ஆசையும் பயமும் சேர்ந்தே வருகிறது.

முத்துநகர்_மாலுமி:

தங்கச்சி, சரக்குக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பயப்படாதீர்கள். பாரி – பத்ராஸ் ஓடுவதெல்லாம் நூற்றுக்கணக்கான லாரிகளை ஏற்றும் பெரிய கப்பல்கள். செப்டம்பரில் அந்தக் கடல் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும். ஊட்டி பஸ்ஸோடு ஒப்பிடவே வேண்டாம்.

கேபின் எடுக்கும்போது கப்பலின் நடுவில், எவ்வளவு கீழ்த்தளம் கிடைக்குமோ அவ்வளவு கீழே கேளுங்கள். முன்முனையும் மேல்தளமும்தான் அதிகம் ஆடும். மாத்திரை போடுவதாக இருந்தால் கப்பல் கிளம்புவதற்கு முன்பே போடுங்கள், குமட்டல் தொடங்கியபின் போட்டால் உள்ளே நிற்காது. எந்த மாத்திரை என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், பெரியவர்களுக்கு ரத்த அழுத்த மாத்திரையோடு ஒத்துப்போக வேண்டும். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். தலை சுற்றினால் கேபினில் போனைப் பார்த்துக்கொண்டு படுக்காமல் வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். கண் பார்ப்பதும் உள்காது உணர்வதும் ஒத்துப்போகாததால் வரும் குமட்டல்தான் இது. ஆடாத ஒன்றைக் கண் பிடித்துக்கொண்டால் தணியும்.

தீவுகளுக்குப் போகும்போது அதிவேகப் படகுகளைத் தவிருங்கள். பிரேயஸிலிருந்து சாண்டோரினிக்கு அவை 5 மணி நேரத்தில் போகும், பெரிய கப்பல் 8 மணி நேரம் எடுக்கும். அந்த 3 மணி நேரத்தை மிச்சம் பிடிக்க ஆசைப்படாதீர்கள். அதிவேகப் படகு எடை குறைவு, அலையில் துள்ளும், வெளித்தளமும் பெரும்பாலும் இருக்காது. காற்று ஏறினால் முதலில் தடை விழுவதும் அதற்குத்தான். பெரிய கப்பல்களை, காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் ஏறக்குறைய 8 வரும்போது நிறுத்துவார்கள், அதிவேகப் படகுகளை அதற்கு முன்பே. தடையைப் பார்த்து யாரும் கோபப்பட வேண்டாம். இந்தத் தீவுகளில் கப்பல் நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகக் கரையை நோக்கி வந்து கதவை இறக்கும். பலத்த காற்றில் அந்தச் சில நிமிடம்தான் ஆபத்து. அதை நான் பலமுறை பார்த்தவன். கேப்டன் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

சிங்காநல்லூர்:

மாலுமி ஐயா, கப்பல் ரத்தானால் பணம் கிடைக்குமா என்று பலருக்கும் சந்தேகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 ஒழுங்குமுறை இதற்கென்றே உள்ளது. ரத்தானாலும் 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலும் மாற்றுப் பயணம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றை நாம் கேட்கலாம். காற்று, புயல் காரணம் என்றாலும் இது உண்டு. தங்கும் செலவும் தாமதத்துக்கான இழப்பீடும் மட்டும் வானிலையால் என்றால் கிடைக்காது. இஞ்சின் கோளாறு போன்றவற்றுக்குக் கேட்கலாம். 8 முதல் 24 மணி நேரப் பயணம் 3 மணி நேரம் தாமதமாகச் சேர்ந்தால் சீட்டு விலையில் 25 சதவீதம், 6 மணி நேரம் தாண்டினால் 50 சதவீதம்.

தவறிய விமானத்துக்கு இதில் வழி இல்லை. அதனால் வைகைக்கரை சொன்ன காலி நாளை நானும் வழிமொழிகிறேன்.

வைகைக்கரை:

நெய்தல்_மகள், சாப்பாடு பற்றி நான் சொல்கிறேன், நாங்களும் சைவம்தான். கிரீஸில் கவலையே வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் சபையில் விரத நாட்கள் நிறைய, அதனால் இறைச்சி, பால் சேராத சமையல் அவர்களுக்குப் பழக்கம். தக்காளியில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சை, அரிசி பொதிந்த திராட்சை இலை, கத்தரிக்காய், கீரை வைத்த அப்பம் எல்லாம் எங்கும் கிடைக்கும். கவனிக்க வேண்டியது, அந்த விரதத்தில் கணவாய், இறால் சேர்த்துக்கொள்வார்கள். விரத உணவு என்று பலகை வைத்திருந்தாலும் கேட்டுவிடுங்கள். கப்பலில் எனக்குப் பிடித்தது அந்த மொச்சைதான். விலை கொஞ்சம் அதிகம், பாரியிலேயே பழமும் ரொட்டியும் வாங்கி ஏறினால் நல்லது.

மாமியாருக்கு நடை கஷ்டம் என்றால் சாண்டோரினியை விட்டுவிடுங்கள். ஊர் முழுக்கப் படிகள். படத்தில் பார்க்கும் அழகை நேரில் பார்க்கக் கூட்டத்தில் முண்டியடிக்க வேண்டியிருக்கிறது, எனக்கு அது ஏமாற்றம்தான். அதற்குப் பதில் ஏதென்ஸில் தங்கி, பிரேயஸிலிருந்து ஈஜினா தீவுக்குப் போங்கள். பெரிய கப்பலில் ஒன்றே கால் மணி நேரம்தான். துறையிலேயே சமதளமாக ஊர், பிஸ்தா விற்கும் கடைகள், உட்கார்ந்து கடலைப் பார்க்க நாற்காலிகள். மாலையில் திரும்பிவிடலாம். அக்ரோபோலிஸுக்குக் காலை முதல் நுழைவு நேரத்துக்கே சீட்டு எடுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு லிப்ட் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

லுசேர்ன்கிளி:

அக்கா சொன்னதுதான் சரி. பத்ராஸில் இறங்கி ஏதென்ஸுக்கு நேரடி பஸ்ஸிலேயே போங்கோ, நடுவழியில் கியாட்டோ நிலையத்தில் ரயில் மாறுகிற வேலை வயதானவர்களுக்கு வேண்டாம். கொரிந்துக் கால்வாயைத் தாண்டும்போது சன்னல் பக்கம் பாருங்கள். பாறையை நேராக அறுத்து 1893-இல் திறந்தது, 6 கி.மீ. நீளம், கண் மூடித் திறக்கிறதுக்குள் போய்விடும்.

நெய்தல்_மகள்:

அனைவருக்கும் நன்றி. ரோம், பாரி, இரவுக் கப்பல், ஏதென்ஸ், ஒரு நாள் ஈஜினா, கடைசியில் ஏதென்ஸிலேயே காலி நாள் என்று முடிவு செய்துவிட்டோம். மாமியாரிடம் கப்பல் என்று சொன்னதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. கடைசியாக ஒரு சந்தேகம். பெட்டிகளைக் கேபினுக்குத் தூக்கிப்போக வேண்டுமா, கீழேயே வைக்கலாமா?

முத்துநகர்_மாலுமி:

கீழே ஏறும் இடத்தின் பக்கத்தில் பெட்டி வைக்கும் அடுக்குகள் இருக்கும். தீவுக் கப்பல்களில் ஒவ்வொரு அடுக்கிலும் இறங்கும் ஊரின் பெயர் எழுதியிருக்கும், உங்கள் ஊர் அடுக்கில் வையுங்கள். இரவுக் கப்பலில் பெரிய பெட்டியை அங்கே விடலாம். பாஸ்போர்ட், பணம், மருந்து, ஒரு போர்வை இவற்றைச் சிறு பையில் கேபினுக்கு எடுத்துப்போங்கள். கப்பல் கிளம்பியதும் வாகனத்தளத்தைப் பூட்டிவிடுவார்கள், நடுவில் போய் எதையும் எடுக்க முடியாது. பத்ராஸில் அறிவிப்பு வந்தவுடன் கீழே இறங்க அவசரப்பட வேண்டாம். லாரிகள் இஞ்சினைப் போட்டுவிடும், புகையில் மாமியாருக்கு மூச்சு முட்டும். வரவேற்பு மேசையில் லிப்ட் கேட்டு, கூட்டம் குறைந்தபின் இறங்குங்கள்.